28 ஆயிரம் ரூபாய் பளபளப்பு: வாக்ஸா, செராமிக்கா?

இன்னிக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. கார் பெயிண்ட் பத்தி எழுதப்போறேன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு தோணுறவங்க பாதி வரைக்கும் பொறுமையா வாங்க, ஏன்னு புரியும். கொஞ்சம் நீளமான திரெட்தான்.

எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்க பொத்தேரியில குடியிருக்காங்க. பதினாறு வருச சர்வீஸ்ல முதல் தடவையா கார் புக் பண்ணியிருக்காங்க. வீட்டுக்காரர், ரெண்டு வயசுப் பாப்பா, மாமியார்னு நாலு பேர் போக வர ஒரு சின்ன கார். லோன்லதான்.

டெலிவரிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஷோரூம்ல இருந்து ஒரு தாளை நீட்டியிருக்காங்க. செராமிக் கோட்டிங் பேக்கேஜ், 28,000 ரூபாய், மூணு வருச வாரண்டி. "மேடம், நீங்க ஈசிஆர் பக்கம் போவீங்க, உப்புக்காத்து. பொத்தேரி வெயில் வேற. போடலைன்னா ஒரே வருசத்துல பெயிண்ட் வெளுத்துப் போயிடும்"னு சொல்லியிருக்காங்க.

நைட் டியூட்டில டீ குடிக்கும்போது சிஸ்டர் கேட்டாங்க: "மேடம், போட்டுடலாமா? இல்ல மாசாமாசம் வாக்ஸ் போட்டுக்கிட்டா போதுமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரும்பாலான வீட்டுக் கார்களுக்கு வாக்ஸ் போதும். செராமிக் ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல. அது நிஜமாவே வேலை செய்யற பொருள். ஆனா அது செய்யற வேலையும், அதைப் போட்டா என்னென்ன கிடைக்கும்னு நம்மகிட்ட சொல்லி விக்கறதும் வேற வேற.

எங்க ஓபிக்கு பிரஷர் மாத்திரை வாங்க மாசாமாசம் ஒரு பெரியவர் வருவார். மறைமலைநகர் ஃபோர்டு ஃபேக்டரியில பெயிண்ட் ஷாப்ல வேலை பார்த்தவர். 2021ல கம்பெனி இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சு, 2022ல அந்த ஃபேக்டரி நின்னப்ப வெளியே வந்தவர். கார் பெயிண்ட் பத்தி எனக்கு வகுப்பு எடுத்தது அவர்தான். பிரஷர் பார்க்கற ரெண்டு நிமிசத்துல தவணை தவணையா சொல்லிக்கொடுத்தார்.

கார் பெயிண்ட் ஒரே பூச்சு கிடையாது. தகரத்தைக் கழுவி, பாஸ்பேட் ஏத்தி, பாடி முழுசையும் ஒரு பெரிய தொட்டியில முக்கி எடுப்பாங்க. தொட்டிக்குள்ள கரண்ட் பாயும். எந்த இடுக்குலயும் விடாம ஒரு எபாக்ஸி படலம் ஒட்டிக்கும். துருவைத் தடுக்கறது முக்கியமா இந்தப் படலம்தான். அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். இதை 140 டிகிரி சூட்டுல வேக வெச்சு எடுப்பாங்க.

எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100ல இருந்து 130 மைக்ரான். ஒரு தலைமுடியோட தடிமன் 70 மைக்ரான் பக்கம்னு வெச்சுக்கிட்டா, உங்க காரோட மொத்த பெயிண்டும் ரெண்டு முடி தடிமன்கூட இல்ல. அதுல கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான்.

நம்ம தோலுக்கும் இப்படித்தான். மேல இருக்கற செத்த செல் அடுக்குதான் வெயில், தூசி, கிருமி எல்லாத்துக்கும் முதல்ல முகம் கொடுக்குது. காருக்கு அந்த அடுக்கு கிளியர் கோட். சூரியனோட புற ஊதாக் கதிரை உறிஞ்சற ரசாயனங்களை ஃபேக்டரியிலேயே அதுக்குள்ள கலந்து வெச்சிருக்காங்க. அதாவது உங்க கார் சன்ஸ்க்ரீன் பூசிக்கிட்டுதான் ஷோரூமுக்கே வருது.

சரி, இப்ப வாக்ஸ்.

நல்ல வாக்ஸ் டப்பாவுல "கார்னாபா"ன்னு போட்டிருக்கும். பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு பனை மரத்தோட ஓலையில படியற மெழுகு அது. கடுமையான வெயில்ல ஓலையிலிருந்து தண்ணி ஆவியாகாம இருக்க மரம் தானே பூசிக்கற பூச்சு. பனை தெரிஞ்ச ஊர்க்காரங்க நமக்கு இது ஆச்சரியமா இருக்காது.

இன்னொரு விசயம். நீங்க முழுங்கற சில மாத்திரைங்க பளபளன்னு இருக்கே, அதுல பல மாத்திரைக்கு மேல பாலிஷ் போடறதும் இதே கார்னாபா மெழுகுதான். சாக்லேட், மிட்டாய்லயும் இருக்கும். பாக்கெட் பின்னாடி 903ன்னு நம்பர் போட்டிருந்தா இதுதான். (கார் வாக்ஸ் டப்பாவை யாரும் நக்கிப் பார்க்க வேண்டாம். அதுல கரைப்பான் எல்லாம் கலந்திருக்கு.)

சுத்தமான கார்னாபா 80 டிகிரிக்கு மேலதான் உருகும். ஆனா டப்பாவுல வர்றது எண்ணெயும் கரைப்பானும் கலந்த இளகின வடிவம். நம்ம ஊர் மே மாச வெயில்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க, கையை வைக்க முடியாது. அதனால வாக்ஸ் நம்ம ஊர்ல ஒரு மாசம், ரெண்டு மாசம் நிக்கும். ஷாம்பு போட்டு அடிக்கடி கழுவினா இன்னும் சீக்கிரம் போயிடும். அது அதோட குறை. நிறை என்னன்னா, சில நூறு ரூபாய் டப்பா ஒரு வருசத்துக்கு மேல வரும். நீங்களே பூசலாம். தப்பாப் பூசினாலும் துடைச்சுட்டு மறுபடி பூசிக்கலாம்.

செராமிக் அப்படி இல்ல. அந்தச் சின்ன பாட்டில்ல இருக்கறது சிலிக்கான் சேர்ந்த திரவம். பூசினதும் கரைப்பான் ஆவியாகி, காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்து, கண்ணாடி மாதிரி ஒரு படலமா இறுகும். முழுசா இறுக சில நாள் ஆகும், அதுவரைக்கும் கழுவக் கூடாது. இறுகினப்புறம் துடைச்சு எடுக்க முடியாது. கோடு கோடா காய்ஞ்சா, மெஷின்ல தேச்சுத்தான் எடுக்கணும். தடிமன் ஒரு மைக்ரான், மிஞ்சிப்போனா ரெண்டு.

அது நல்லாச் செய்யற வேலை மூணு. தண்ணியும் அழுக்கும் சுலபமா ஒட்டாது, கழுவறது ஈசி. லேசான அமிலம், காரம் எல்லாத்தையும் வாக்ஸைவிட நல்லாத் தாங்கும். ஒழுங்காப் போட்டுப் பராமரிச்சா வருசக் கணக்குல நிக்கும். இதெல்லாம் உண்மை.

இனிமே வர்றதுதான் விளம்பரம்.

முதல்ல அந்த "9எச் கடினம்". வைரத்துக்கு அடுத்தபடின்னு ஒரு கடைக்காரர் என்கிட்டயே சொன்னார். அது தப்பு. தாதுக்களோட கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு. அதுல வைரம் 10, மாணிக்கம் 9. ஆனா கோட்டிங் பாட்டில்ல இருக்கற 9எச் அந்த அளவுகோல் இல்லவே இல்ல. அது பென்சில்! ஆமா, நாம ஸ்கூல்ல வரையற எச்பி, 2பி, 2எச் பென்சில் வரிசைதான். பெயிண்ட் மேல பென்சிலைக் குறிப்பிட்ட கோணத்துல அழுத்தி இழுத்து, எந்தப் பென்சில் கீறுதுன்னு பார்க்கற டெஸ்ட். அந்த வரிசையில கடைசிப் பென்சில் 9எச்.

பென்சிலைத் தாங்குதுங்கறது ஒரு தகவல், அவ்வளவுதான். நம்ம ரோட்டுத் தூசியில இருக்கறது மணல், அதாவது குவார்ட்ஸ். மோஸ் அளவுல அது 7. ஒரு மைக்ரான் படலத்து மேல மணல் ஒட்டின துணியை வெச்சுத் தேய்ச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். காலைல ஒரு அண்ணன் வருவார். ஒரு பக்கெட் தண்ணி, ஒரு துணி, பத்து கார். முதல் காரோட மண்ணைப் பத்தாவது கார் வரைக்கும் கொண்டுபோய்த் தேய்ப்பார். அவரைக் குத்தம் சொல்லல, மாசம் சில நூறு ரூபாய்க்கு நாம கேக்கற வேலை அது. ஆனா வெயில்ல பார்த்தா உங்க கார் மேல சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமா கோடு தெரியுதே, அது பெரும்பாலும் அந்தத் துணியோட வேலைதான். வாக்ஸ் போட்டாலும் விழும், செராமிக் போட்டாலும் விழும். காய்ஞ்ச தூசியைத் துணியால தட்டறதை நிறுத்துங்க. முதல்ல நிறையத் தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிட்டு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால மேலிருந்து கீழ துடைங்க. இதுக்குச் செலவு ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது, வெயில். "யூவி புரொடெக்‌ஷன்"னு பேக்கேஜ்ல எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில கிருமி நீக்கற புற ஊதா விளக்கு பார்த்திருப்பீங்க. அந்தக் குழாயை சாதாரணக் கண்ணாடியில செய்ய முடியாது, கதிரை அது தடுத்துடும். அதனால குவார்ட்ஸ்ல செய்வாங்க. குவார்ட்ஸ்னா சிலிக்கா. அந்தக் கதிரை உள்ளே விடுதுன்னுதான் சிலிக்காவையே தேர்ந்தெடுக்கறாங்க! அப்ப அதே சிலிக்காவை ஒரு மைக்ரான் பூசி வெயிலைத் தடுக்கறோம்னா எப்படி? தடுக்கற ரசாயனத்தைக் கூடவே கலந்திருந்தாலும், கீழ 40 மைக்ரான் கிளியர் கோட் ஏற்கெனவே செய்யற வேலைக்கு முன்னாடி அது ரொம்பச் சின்னது. பொத்தேரி வெயிலுக்கு நல்ல மருந்து நிழல். ஒரு கார் கவர். இல்ல ஒரு ஷீட் கொட்டகை.

மரத்தடி நிழல்னா காக்கா பிரச்சனை வரும். பறவைங்க நம்மளை மாதிரி தனியா சிறுநீர் கழிக்காது. அந்த எச்சத்துல வெள்ளையா தெரியறது யூரிக் அமிலம். நம்ம கால் கட்டை விரல் மூட்டுல படிஞ்சு ராத்திரியெல்லாம் தூங்க விடாம பண்ணுதே, அதே யூரிக் அமிலம். சூடான பானெட் மேல காய விட்டா பெயிண்டைப் பொரிச்சு எடுத்துடும். செராமிக் இருந்தா உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். அன்னிக்கே தண்ணி ஊத்தி ஊற வெச்சுத் துடைக்கணும். எது பூசியிருந்தாலும் இதேதான்.

மூணாவது, உப்புக்காத்து. சிஸ்டரைப் பயமுறுத்தினது இதுதான்.

நாங்க நோயாளிக்கு ஏத்தற நார்மல் சலைன்ல உப்பு 0.9 சதவீதம். கடல் தண்ணியில ஏறக்குறைய 3.5 சதவீதம், கிட்டத்தட்ட நாலு மடங்கு. அந்த உப்பு காத்துல வந்து இரும்புல படிஞ்சா துரு ஏறும். மாமல்லபுரம், கோவளம் பக்கம் வீட்டு கேட்டு, ஜன்னல் கம்பி எல்லாம் பார்த்தாலே தெரியும். இதுல சந்தேகமே இல்ல.

ஆனா கார்ல அது எங்க பிடிக்கும்? கீழ. சக்கர வளைவுக்குள்ள, கதவு அடியில, சைலன்சர்ல, போல்ட்டு நட்டுல, கல் பட்டு பெயிண்ட் உரிஞ்ச இடத்துல. செராமிக் பூசறது எங்க? மேல, பளபளன்னு தெரியற இடத்துல. கால்ல புண்ணு, நெத்தியில களிம்பு.

லீவுக்குக் குடும்பத்தோட திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போயிட்டு வந்தா, மறுநாள் காரோட அடிப்பக்கத்துக்கு நல்லாத் தண்ணி அடிங்க. வாட்டர் வாஷ் விட்டா "அடிப்பக்கம் நல்லா அடிங்க தம்பி"ன்னு கூட நின்னு சொல்லுங்க. கல் பட்டு உரிஞ்ச இடம் இருந்தா டச்சப் பெயிண்ட் ஒரு சொட்டு. உப்புக்கு இதுதான் வைத்தியம்.

நாலாவதா ஒண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. போர் தண்ணி. நம்ம பக்கம் பல இடத்துல உப்புத் தண்ணி. செராமிக் போட்ட கார் மேல தண்ணி முத்து முத்தா நிக்கும், தாமரை இலைத் தண்ணி மாதிரி, வீடியோவுல ரொம்ப அழகா இருக்கும். அந்த முத்தை வெயில்ல அப்படியே காய விட்டா, உள்ள இருக்கற கால்சியம், மெக்னீசியம் எல்லாம் ஒரே புள்ளியில சேர்ந்து வெள்ளை வட்டமா ஒட்டிக்கும். ஹீட்டர் காயில்ல படியற அதே சுண்ணாம்பு. விட்டுட்டா அப்புறம் எடுக்கறது கஷ்டம். கழுவினதும் துடைக்கற பழக்கம் இல்லாத வீட்டுல செராமிக் சில சமயம் கூடுதல் தலைவலி. (போர் தண்ணி குடிச்சா கிட்னில கல்லு வருமான்னு கேக்காதீங்க, அது தனி திரெட்.)

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப உறுத்தற விசயம். செராமிக் பூசறதுக்கு முன்னாடி "பெயிண்ட் கரெக்‌ஷன்"னு ஒண்ணு பண்ணுவாங்க. மெஷின் வெச்சு கம்பவுண்ட் அடிக்கறது. கீறல் ஏன் மறையுது? கீறல் இருக்கற ஆழம் வரைக்கும் சுத்தி இருக்கற கிளியர் கோட்டையே தேய்ச்சு எடுத்துடறாங்க. இருக்கறதே 40, 50 மைக்ரான். அதுல ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகுது. போனது திரும்பி வராது.

வெள்ளையாகணும்னு மெடிக்கல்ல தானா ஒரு ட்யூப் வாங்கி முகத்துல தேய்ச்சுக்கறவங்களை ஓபில வாராவாரம் பார்க்கறேன். உள்ள இருக்கறது ஸ்டீராய்டு. முதல் மாசம் முகம் பளபளன்னு இருக்கும். ஆறாவது மாசம் தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சு, வெயில்ல போனாலே எரியும். கம்பவுண்ட் பாலிஷும் எனக்கு அப்படித்தான் தெரியுது. பழைய கார்ல ஒரு தடவை, கையில அளவு மீட்டர் வெச்சுப் பார்த்துப் பண்ணினா சரி. நேத்து ஃபேக்டரியில இருந்து வந்த புதுக் காருக்கு எதுக்கு?

சரி, பாதி திரெட் வந்தாச்சு. டாக்டர் ஏன் இதை எழுதறேன்னு இப்ப சொல்றேன்.

போன வருசம் ஒரு பையன் ஓபிக்கு வந்தான். பத்தொன்பது வயசு. மூணு வாரமா தலைவலி, கண் எரிச்சல், வறட்டு இருமல். சளி இல்ல, காய்ச்சல் இல்ல, எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. வேற எங்கயோ இருமல் சிரப் ரெண்டு பாட்டில் எழுதிக் கொடுத்திருந்தாங்க.

"எப்ப எல்லாம் குறையுது தம்பி?"

"ஞாயித்துக்கிழமை சரியாயிடுது மேடம். திங்கக்கிழமை சாயங்காலம் திரும்ப வந்துடுது."

லீவு நாள்ல குறையற இருமல்னா நாங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. 1700ல இத்தாலியில ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டர் தொழில்சார் நோய்களைப் பத்தியே முழுசா ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட மத்த எல்லாத்தையும் கேக்கறப்ப, என்ன வேலை செய்யறேன்னும் கேளுங்கன்னு டாக்டர்களுக்குச் சொன்னவர் அவர். முந்நூறு வருசம் கழிச்சும் கூட்டம் பிதுங்கற ஓபில நாங்க அதைக் கேக்க மறந்துடறோம். நானும்தான்.

பையன் வேலை பார்த்தது ஒரு கோட்டிங் கடையில. தூசி வரக் கூடாதுன்னு ஜன்னல் இல்லாத ரூம், கதவை மூடி ஏசி. அதுக்குள்ள ஒரு நாளைக்கு மூணு கார். கையில கிளவுஸ் இல்ல. முகத்துல கொரோனா காலத்துத் துணி மாஸ்க். நீங்க போட்டோவுல பார்க்கற அந்த வெள்ளை லைட்டு ரூம் இப்படித்தான் இருக்கும்.

துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், ஏன் என்95கூட கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதெல்லாம் துகளுக்கு. ஆவிக்குத் தனியா கரி நிரப்பின கேட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் இருக்கு. சில ஆயிரம் ரூபாய்தான். கூட நைட்ரைல் கிளவுஸ், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு காருக்கு 28 ஆயிரம் வாங்கற இடத்துல இது ஒண்ணும் பெரிய செலவு இல்ல. பக்கத்துல டூ-கே கிளியர் அடிச்சு ரீபெயிண்ட் பண்ற பட்டறையா இருந்தா இன்னும் மோசம். அதுல ஐசோசயனேட் இருக்கும், ஆஸ்துமாவே வரவெச்சுடும். ஒரு தடவை ஒத்துக்காமப் போயிட்டா, அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். சில பேர் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும்.

பையன்கிட்ட நம்பர் வாங்கி ஓனருக்கு நானே போன் பண்ணினேன். முதல்ல கோவப்பட்டார். "எங்க பசங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க மேடம்"னார். ரெண்டு வாரம் கழிச்சு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டதா பையன் வந்து சொன்னான். இருமல் பாதி குறைஞ்சிருந்தது. மாஸ்க் இன்னும் வாங்கித் தரல.

செராமிக்தான் போடுவேன்னு முடிவு பண்ணினவங்களுக்கு ஒரு வேண்டுகோள். காரை விடறப்ப அந்த ரூமுக்குள்ள ஒரு நிமிசம் நின்னு பாருங்க. உங்களுக்குக் கண் எரிஞ்சா, அங்க பத்து மணி நேரம் நிக்கற பையனை நினைச்சுப் பாருங்க. "மாஸ்க் எங்க தம்பி?"ன்னு ஓனர் காதுல விழற மாதிரி கேளுங்க. கஸ்டமர் கேட்டா நடக்கும். டாக்டர் போன் பண்ணி கேட்டா பாதிதான் நடக்குது.

இன்னொரு ராத்திரி. அதையும் சொல்லணும்.

நவம்பர் மாசம், நல்ல மழை. ஜி.எஸ்.டி. ரோட்டுல பிரேக் பிடிக்காம முன்னாடி போன லாரி பின்னாடி இடிச்ச கார். அம்மா முன் சீட்டுல, மடியில ரெண்டு வயசுக் குழந்தை. அம்மா, அப்பாவுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. குழந்தைக்குத் தலையில அடி. எங்ககிட்ட செய்யக்கூடியதைச் செஞ்சு 108ல ஏத்தி அனுப்பினோம். குழந்தை பிழைச்சுது. அதுக்கு மேல அவங்க விவரம் எழுத மாட்டேன்.

காயத்துக்குத் தையல் போடும்போது அந்த அப்பா திரும்பத் திரும்ப ஒண்ணைச் சொல்லிக்கிட்டே இருந்தார். "போன மாசம்தான் மேடம் கோட்டிங் போட்டேன். முப்பதாயிரம். போன மாசம்தான்." அதிர்ச்சியில மனுசன் எதையாவது பேசுவான். அதுக்கு அர்த்தம் தேடக் கூடாது. ஆனா எனக்கு அது மறக்கல. டயர் மொட்டையா இருந்ததுன்னு கூட வந்தவங்க சொன்னாங்க.

நான் அவரைத் திட்டல. அந்த ஷோரூம்ல அவர்கிட்ட கோட்டிங் பத்தி அரை மணி நேரம் பேசியிருப்பாங்க. குழந்தை சீட் பத்தி யாராவது ஒரு நிமிசம் பேசியிருப்பாங்களா?

கணக்கு சொல்றேன். 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் சட்டுன்னு மோதி நின்னா, உள்ள இருக்கறவங்க மேல விழற விசை அவங்க எடையைப்போல இருபது, முப்பது மடங்கு. பத்துக் கிலோ குழந்தை அந்த நொடியில 200, 300 கிலோ. எந்த அம்மாவாலயும் பிடிக்க முடியாது. பாசம் பத்தாம இல்ல, கை பத்தாது. அதுலயும் முன் சீட்டுல மடியில வெச்சிருந்தா, ஏர்பேக் கண் இமைக்கறதுக்குள்ள வெடிச்சு விரியறது குழந்தை மேலதான்.

2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப 194பி பிரிவு வந்தது. 14 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களை பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாம ஏத்திக்கிட்டுப் போனா ஆயிரம் ரூபாய் அபராதம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? மொட்டை டயருக்கும் விதி இருக்கு. கார் டயர்ல பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ தேயக் கூடாது. பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்கும். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயரை மாத்தணும். இதைப் பார்க்கறதுக்கு மெக்கானிக்கூட வேண்டாம்.

இதையெல்லாம் சிஸ்டர்கிட்ட ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். 28,000 ரூபாய். அதுல நல்ல குழந்தை சீட் ஏழெட்டாயிரத்துல இருந்தே கிடைக்குது. பின் சீட்டுல ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தா அப்படியே மாட்டிக்கலாம். ஒரு நல்ல கார் கவர். ஒரு வாக்ஸ் டப்பா, நாலு மைக்ரோஃபைபர் துணி, ஒரு ஷாம்பு. அப்பவும் பாதிக்கு மேல மிச்சம். மூணு வருசம் கழிச்சு டயர் மாத்தற நேரம் வரும், அதை அதுக்கு எடுத்து வைங்கன்னு சொன்னேன்.

சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டாங்க, நியாயமான கேள்வி. "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வாக்ஸ் போட எனக்கு ஏது மேடம் நேரம்? ஆஃப் கிடைக்கறதே அபூர்வம்."

உண்மைதான். அதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு. கழுவினதும் ஈரத்தோடயே தெளிச்சுத் துடைக்கற சிலிக்கா ஸ்ப்ரே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. கார் முழுக்க அடிக்க கால் மணி நேரம். செராமிக் மாதிரி வருசக்கணக்குல நிக்காது, ஆனா வாக்ஸைவிடக் கொஞ்சம் கூட நிக்கும். வெளியில அடிங்க, ரூமுக்குள்ள வேண்டாம், காத்து வர்ற பக்கமா நின்னுக்கோங்க.

அப்ப செராமிக் யாருக்குத்தான்? கருப்பு கார் வெச்சுக்கிட்டு வெட்டவெளியில நிறுத்தறவங்க. ஏழெட்டு வருசம் அதே காரை வெச்சிருக்கப் போறவங்க. கழுவினதும் துடைக்கற பழக்கம் இருக்கறவங்க. டயர், பிரேக், குழந்தை சீட், இன்சூரன்ஸ் எல்லாம் சரியா இருந்து, அதுக்கு மேல காசும் ஆசையும் இருக்கறவங்க. போடுங்க, தப்பே இல்ல. கார் மேல ஆசை இருக்கறது ஒரு சந்தோசம். நான் புடவைக்குச் செலவு பண்றதை யாராவது கேள்வி கேட்டா எனக்கும் கோவம் வரும்.

ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாரண்டி கார்டைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க. கீறல், தண்ணிக் கறை, பறவை எச்சம், கல் பட்ட இடம் எதுக்கும் வாரண்டி இல்லைன்னு பல கார்டுல இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவங்ககிட்டயே காசு கொடுத்து சர்வீஸ் பண்ணலைன்னா அதுவும் கிடையாது. புதுசா "கிராபீன்"னு ஒரு பேரோட இன்னும் பத்தாயிரம் கூடச் சொல்வாங்க. கிராபீன் நிஜமாவே அற்புதமான பொருள், 2010ல அதுக்கு இயற்பியல் நோபல் பரிசே கொடுத்தாங்க. உங்க பாட்டிலுக்குள்ள அது எத்தனை சொட்டு இருக்குன்னு அவங்களைக் கேட்டுப் பாருங்க.

சிஸ்டருக்கு நேத்து டெலிவரி. கோட்டிங் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஷோரூம்காரர் முகம் கொஞ்சம் மாறிச்சாம். மாமியாருக்கும் வருத்தம், "பக்கத்து வீட்டுல எல்லாம் போட்டிருக்காங்களே"ன்னு. குழந்தை சீட் வந்துடுச்சு. பாப்பா அதுல உக்கார மாட்டேன்னு கூடுவாஞ்சேரி வரைக்கும் அழுதுக்கிட்டே வந்திருக்கா. முதல் ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும் சிஸ்டர், இறக்கி மட்டும் விட்டுடாதீங்க.

எனக்கு எட்டு மணிக்கு நைட் டியூட்டி. கேள்வி இருந்தா கேட்டு வைங்க, காலைல வந்து பதில் போடறேன்.